முதல் கால் மரியாதை

எங்க வூட்ல ரெண்டு பேருக்குக் கால் வேர்க்கும். ஒருத்தரு எங்கூட்டுக்காரரோட அண்ணன் ஏழுமலை. இன்னொருத்தி எம்பொண்ணு கீர்த்தி. வேர்வை ஒண்ணுதான், நாத்தமும் ஒண்ணுதான். ஆனா அவுரு கால்ல வந்தா அம்மன் அருளாம், எம்பொண்ணு கால்ல வந்தா தரித்திரமாம். எம்பொண்ணு பொறந்த நாளா இந்தக் கூத்தைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.

வெயில்ல நடந்தா எல்லாருக்கும் வர்ற வேர்வைன்னு நெனச்சிக்காதீங்க. ஃபேனுக்குக் கீழ சும்மா உக்காந்திருந்தாலும் உள்ளங்கால்ல முத்து முத்தா கட்டிக்கினு நிக்கும். தொட்டா பானைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கும். செருப்பு போட்டா வழுக்கும். பெரியவரு ஏழுமலை ஹாலுக்குள்ள வந்தாருன்னா வாசக்கதவுலேருந்து சோபா வரைக்கும் ஈரக்கால் பதிஞ்சிருக்கும். நான் துணியை எடுத்துக்கினு பின்னாடியே போயி துடைக்கணும். அவுரு திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. பெரிய மகாராஜா, பாதம் பதிச்சிட்டுப் போறாராம்.

எங்க ஊரு கார்வேட்டிநகரத்துக்கு இந்தாண்ட, சித்தூர் பஸ் போற ரோட்டு மேலயே இருக்குது. ஊருக்கு ஒரு தர்மராஜா கோயிலு. வருசா வருசம் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. நெருப்புல மொதல் கால் வெக்கிற மரியாதை எங்க மாமனார் வம்சத்துக்குத்தான். அதுக்கு ஒரு சடங்கு இருக்குது. நெருப்புக் குண்டத்துக்கு முன்னாடி பெரியவர நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. வூட்டு சின்ன மருமக மஞ்சத் தண்ணியில கால் கழுவி, வெள்ளைத் துணியால ஒட்டத் துடைக்கணும். அப்புறம் தாம்பாளத்துல மஞ்சத் துணி விரிச்சி அதுமேல காலை வெப்பாங்க. துடைச்ச காலு மறுபடியும் ஈரம் கட்டி, துணி நனைஞ்சி கருத்துச்சின்னா அம்மன் எறங்கிட்டான்னு அர்த்தம். பூசாரி வேங்கடாசலம் கையைத் தூக்குவாரு, பம்பை முழங்கும், அப்புறந்தான் நெருப்பு மிதிப்பாங்க. அந்தத் துணியைக் கிழிச்சி புள்ளைங்க கையில கட்டறதுக்குப் பொம்பளைங்க அடிச்சிக்குவாங்க.

எங்க மாமனாருக்கும் அப்பிடித்தான் கால் வேர்க்குமாம். வியாதிக்குப் பரிவட்டம் கட்டின குடும்பம் ஆந்திராவுலயே இது ஒண்ணாத்தான் இருக்கும்.

கீர்த்தி திருப்பதியில ஒரு துணிக்கடையில பட்டுப்பொடவை செக்‌ஷன்ல வேலை செய்யறா. பொடவை காட்டறதுன்னா அவளுக்கு அவ்ளோ இஷ்டம். ஒரு பொடவையப் பிரிச்சி தோள்ல போட்டுக் காட்டினான்னா, வாங்க வராத ஆளும் வாங்கிட்டுப் போவாங்க. ஆனா பட்டு செக்‌ஷன்ல வெள்ளைத் துணி போட்ட மெத்தை விரிச்சிருப்பாங்க, வெறுங்காலோடதான் ஏறணும். இவ ஏறின எடமெல்லாம் ஈரக்கால். கல்யாணப் பொடவை எடுக்க வந்த ஒரு அம்மா மொகத்தைச் சுளிச்சிக்கினு எழுந்தே போயிடுச்சாம். கூட வேலை செய்யற பொண்ணுங்க இவளுக்குக் குழாயின்னு பேரு வெச்சாங்க. ஒருநாளு கை நெறைய பொடவையத் தூக்கிக்கினு கிரானைட் படியில எறங்கறப்ப கால் வழுக்கி வுழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சிடுச்சி. கட்டு பிரிச்சிட்டு வேலைக்குப் போனா, மேனேஜரு சொல்லிட்டாரு: ஒண்ணு காலை சரி பண்ணிக்கோ, இல்லாட்டி கீழ குடோனுக்குப் போயி மூட்டை எண்ணு. தீபாவளி சீசனுக்குள்ள முடிவு சொல்லணும்னுட்டாரு.

அவ பண்ணாத வைத்தியம் இல்ல. ராத்திரி லோஷன் தடவிக்கினு படுத்தா. தட்டுல தண்ணி ஊத்தி, காலை வெச்சிக்கினு, லேசா கரண்டு வுடற மெஷினு ஒண்ணு, அதையும் மாசக்கணக்கா பண்ணிப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. கடைசியா திருப்பதியில ஒரு டாக்டரு ஆபரேஷன் பண்ணலாம்னு சொன்னாரு. காலுக்கு வேர்வை வரச்சொல்லி சேதி சொல்ற நரம்பு இடுப்புக்குள்ள முதுகெலும்பை ஒட்டிப் போவுதாம். இடுப்புக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா வுட்டு, அந்த நரம்பை அறுத்து வுட்டா கால் காஞ்சிடுமாம். காலை ஒண்ணுமே பண்ண மாட்டாங்களாம். நல்ல மனுசன், கெட்டதையும் மறைக்காம சொன்னாரு. கால்ல நின்னுபோனா முதுகுலயோ வயித்துலயோ அதிகமா வேர்க்கலாம், அது யாருக்கு எவ்ளோன்னு முன்னாடியே சொல்ல முடியாது, யோசிச்சி முடிவு பண்ணுங்கன்னாரு.

கீர்த்தி அங்கயே முடிவு பண்ணிட்டா. "முதுகு வேர்த்தா ஜாக்கெட்டு நனையும். மெத்தையில பதியாது இல்ல," அப்பிடின்னா. ஆனா ஒரே ஒரு பிடிவாதம். "நைனா வந்து பக்கத்துல நிக்கணும். அவுரு சரின்னு சொல்லாம நான் படுக்க மாட்டேன்."

அங்கதான் வந்துச்சி வெனை. அவ நைனா, எங்கூட்டுக்காரரு சம்பத்து, சொந்தமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. அண்ணன் தும்மினா இவுரு மூக்கைத் துடைச்சிக்குவாரு. நேரா போயி அண்ணன்கிட்ட ஒப்பிச்சிட்டாரு.

பெரியவரு ஹால்ல பஞ்சாயத்து வெச்சாரு. பக்கத்துல அவுரு பொண்டாட்டி சுலோசனா அக்கா. நான் கதவோரம்.

"அம்மன் குடுத்த ஈரத்தைக் கத்தி வெச்சி அறுக்கறதா? இது வம்சத்தோட சொத்து. வூடே விளங்காமப் பூடும்," அப்பிடின்னாரு.

"தை மாசம் இவ ஈரக்காலோட வந்தான்னு தரித்திரம்னு சொல்லி பூஜை ரூமுல இருந்து வெரட்டினீங்களே மாமா, அப்ப இது வம்சத்து சொத்து இல்லியா?" அப்பிடின்னு கேட்டேன்.

"ஆம்பளைக்கு வந்தா அருளு. பொம்பளைக்கு வந்தா சோதனை. சோதனையப் பொறுத்துக்கணும். அதை வுட்டுட்டு வெட்டி எறியப் பாக்கக் கூடாது."

எப்பிடி இருக்குது பாருங்க ஞாயம். எங்கூட்டுக்காரரு தலையை ஆட்டினாரு. அந்தத் தலையை ஆட்டறதுக்குன்னே ஆண்டவன் குடுத்திருக்கான்போல.

"அந்த டாக்டரு கார்டை இங்க குடு. குப்பையில போட்டுடறேன்," அப்பிடின்னு பெரியவரு கீர்த்தி கையில இருந்து வாங்கினாரு. குப்பைக்கூடை கதவாண்ட என் காலடியிலதான் இருந்துச்சி. கார்டு அவுரு சட்டை ஜோபிக்குள்ள போச்சி. அப்ப நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

கீர்த்தி அழுதுக்கினே பஸ் ஏறிப் போனா. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல பெரியவருக்குக் கிட்னியில கல்லுன்னாங்க. சுலோசனா அக்காவ மட்டும் கூட்டிக்கினு திருப்பதிக்குப் போனாரு. யாரும் பாக்க வரவேணாம், சின்ன விசயம்னு சொல்லிட்டாரு. திரும்பி வந்து சோபாவுல சாஞ்சிக்கினாரு, நான் கஞ்சி போட்டுக் குடுத்தேன்.

மறுநாளு வழக்கம்போல துணியை எடுத்துக்கினு ஹாலுக்குப் போனேன். தரையில ஒண்ணுமில்ல. அவுரு என் கண்ணு முன்னாடிதான் கதவுலேருந்து சோபாவுக்கு நடந்து போனாரு. டைல்ஸு பளபளன்னு காஞ்சி கெடக்குது. நான் குனிஞ்சி கையால தடவிப் பாத்தேன். இத்தினி வருசம் அந்தத் தரையத் துடைச்சவ நானு, எனக்குத் தெரியாதா? அன்னிக்கே அவுரு பனியன் மாத்தறப்ப பாத்தேன், இடுப்புக்கு ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா பிளாஸ்திரி. முதுகு மட்டும் குளிச்சிட்டு வந்தவன் மாதிரி தொப்பலா நனைஞ்சிருக்குது.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சி. எம்பொண்ணு கையில இருந்து கார்டைப் பிடுங்கிக்கினு போயி, அதே டாக்டருகிட்ட, அதே ஆபரேஷனை, கல்லுன்னு பேரு வெச்சிப் பண்ணிக்கினு வந்திருக்கான் இந்த மனுசன்.

எதுக்குப் பண்ணிக்கினாருன்னு சுலோசனா அக்கா அப்புறமா எங்கிட்டக் கக்கிடுச்சி. பெரியவருக்குக் கட்சியில போஸ்டிங் ஆசை. சித்தூர்ல ஒரு லீடரு வூட்டுக்குப் போனாராம். செருப்பை வெளிய வுட்டுட்டு உள்ள போனா, தரையெல்லாம் வெள்ளை மார்பிளு. இவுரு நடந்த எடமெல்லாம் காலு பதியுது. அந்த லீடரு குனிஞ்சி பாத்துட்டு, "ஏமய்யா, பாத்ரூம்லேருந்து நேரா இங்க வந்துட்டியா?" அப்பிடின்னாராம். இருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்களாம். அவ்ளோதான், அம்மன் அருளு அன்னிக்கே வியாதி ஆயிடுச்சி. ஊர்க்காரன் கும்பிட்டா அருளு, பெரிய மனுசன் சிரிச்சா ஆபரேஷன். த்தூ.

ஆனா மார்பிளை நெனச்ச மனுசன் தாம்பாளத்தை மறந்துட்டாரு. தீமிதிக்குக் காப்பு கட்டினதும்தான் மண்டையில ஒறைச்சிருக்குது. சமையல் ரூமுக்கு வராத மனுசன், அன்னிக்கு வந்து அரிசி டப்பா பக்கத்துல நின்னாரு.

"தேவயானி, இந்த வாட்டி காலை ஒட்டத் துடைக்க வேணாம். விரல் சந்துல தண்ணி நிக்கட்டும்."

"ஏன் மாமா? அம்மன் வர மாட்டாளா?"

மொகம் கறுத்துப்போச்சி. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவுருக்கும் தெரிஞ்சிடுச்சி.

நான் வெங்காயம் அறுக்கறதை நிறுத்தல. "துடைக்கல மாமா. உங்க தம்பியக் கூப்ட்டு, கீர்த்திக்கு ஆபரேஷன் பண்ணு, போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொட்டச் சொட்ட வெச்சி வுடறேன்."

சொல்லியிருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா தனக்குக் கெடைச்சது இன்னொருத்திக்குக் கெடைச்சா இவுங்களுக்குப் பொறுக்காது.

"பேரம் பேசறியா? துணி நனையலைன்னா கழுவினவ சுத்தமில்லைன்னு சொல்லிடுவேன். ஊரு என்னைக் கேக்காது, உன்னைத்தான் கேக்கும். அப்புறம் உம்பொண்ணுக்கு நீ மாப்பிள்ளை எங்க தேடறேன்னு பாக்கறேன்," அப்பிடின்னு சொல்லிட்டு ஒரு வெங்காயத் துண்டை எடுத்து வாயில போட்டுக்கினு போயிட்டாரு.

பயமா இருந்துச்சி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். தீட்டோட கால் கழுவினான்னு ஒரு சொல்லு போதும், எங்க ஊர்ல ஒரு பொம்பளைய உசுரோட புதைக்கறதுக்கு. கீர்த்தி திருவிழாவுக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தா. அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "நீ எப்பவும் துடைக்கிற மாதிரி துடைம்மா," அப்பிடின்னா.

தீமிதி அன்னிக்குச் சாயந்திரம். குண்டத்துல கட்டையெல்லாம் எரிஞ்சி, செக்கச்செவேல்னு தணலைப் பரப்பிட்டாங்க. புத்தூரு, நகரியில இருந்தெல்லாம் சனம். பெரியவரு நாற்காலியில உக்காந்தாரு. மத்த வருசம் வேட்டிய இடுப்புல கட்டுவாரு, இந்த வருசம் நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டியிருந்தாரு. பிளாஸ்திரி போட்ட எடத்தை மறைக்கணும் இல்ல.

நான் காலைத் தொட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சி. இத்தினி வருசத்துல அந்தக் காலை சூடா நான் தொட்டதே இல்ல. மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவினேன். துணியை எடுத்தேன். குனிஞ்சி, "வுட்டுடு," அப்பிடின்னு பல்லைக் கடிச்சிக்கினு சொன்னாரு. நான் ஒவ்வொரு விரலா, சந்து சந்தா, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைச்சேன். தூக்கித் தாம்பாளத்துல வெச்சேன்.

எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. துணி நனையல. வேங்கடாசலம் குனிஞ்சி பாத்தாரு, நிமிந்தாரு, மறுபடியும் குனிஞ்சாரு. பம்பைக்காரங்க குச்சியத் தூக்கினபடி நிக்கறாங்க. பெரியவரு முதுகுல மட்டும் ஆறா ஓடுது, வேட்டியெல்லாம் நனைஞ்சி நாற்காலியில சொட்டுது. கால் ரெண்டும் அப்பளம் மாதிரி காஞ்சிருக்குது.

கூட்டத்துல குசுகுசுன்னு பேச்சு கெளம்பிச்சி. பெரியவரு சொன்னபடியே செஞ்சாரு. "அம்மன் வரமாட்டேங்கறா. கழுவின கை சுத்தமில்ல," அப்பிடின்னு சத்தமா சொன்னாரு.

நூறு கண்ணு எம்மேல வுழுந்துச்சி. எங்கூட்டுக்காரரு தரையப் பாத்துக்கினு நின்னாரு. அந்த நிமிசம் நெருப்பைவிட அந்த மனுசன் நின்ன நிலைதான் எனக்குச் சுட்டுச்சி.

கீர்த்தி கூட்டத்துல இருந்து வந்தா. "எங்கம்மா கை சுத்தமா இல்லியான்னு பாத்துடலாம். அதே கை, அதே தண்ணி. எனக்குக் கழுவட்டும்," அப்பிடின்னு பூசாரிகிட்ட சொன்னா. வேங்கடாசலத்துக்கு வேற வழி தெரியல, தலையாட்டிட்டாரு.

எம்பொண்ணு காலை நான் கழுவினேன். அதே துணியில ஒட்டத் துடைச்சேன். இன்னொரு மஞ்சத் துணி விரிச்சி வெச்சேன். வெச்சதும் வேத்துது. அத்தனை சனத்துக்கு முன்னாடி நின்ன படபடப்பு வேற, மழையில நனைஞ்ச மாதிரி துணி கருத்துச்சி. ஒரு பொம்பளை "அம்மா தாயே"ன்னு கீழ வுழுந்தா. வேங்கடாசலம் கையைத் தூக்கிட்டாரு. பம்பை அடிக்க ஆரம்பிச்சிடுச்சி.

என் பேரு தப்பிச்சிது. ஆனா பெரியவரைச் சாதாரணமா நெனச்சிடாதீங்க. வுழுந்த எடத்துலயே எழுந்துக்கினாரு. ரெண்டு கையையும் தூக்கி, "அம்மன் பொண்ணு மேல எறங்கிட்டா. இனிமே இந்தக் காலு ஊரோட காலு. இந்த ஒடம்புல கத்தி படக்கூடாது," அப்பிடின்னாரு. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுச்சி. ஒருத்தி ஏற்கெனவே துணியைக் கிழிக்க ஆரம்பிச்சிட்டா.

என் மானத்தைக் காப்பாத்த வந்தவ காலைக் கட்டிப்போட்டுட்டான் பாவி. இனிமே கீர்த்தி ஆபரேஷன்னு வாயைத் தொறந்தா ஊரே வந்து நிக்கும்.

கீர்த்தி அசையல. பெரியவருகிட்டப் போயி கையை நீட்டினா. "சரி பெரிநைனா. மரியாதை நம்ம வூட்டுக்குத்தான். தனியாப் போவ எனக்குப் பயமா இருக்குது. நீங்களும் வாங்க, ரெண்டு பேரும் சேந்து எறங்கலாம்."

கூட்டம் ஆமா ஆமான்னுச்சி. பெரியவரு தணலைப் பாத்தாரு. தன் காலைப் பாத்தாரு. இத்தினி வருசம் அந்த ஈரந்தான் காப்பாத்துச்சின்னு நெனச்சிக்கினு மிதிச்ச ஆளு. இப்ப ஈரம் இல்ல. அம்மன் இருக்காளே, அந்த நெனப்பு வந்திருக்கணும் இல்ல? வரல. நாற்காலியைப் பிடிச்சிக்கினு பின்னாடி நகந்தாரு.

"வாங்க பெரிநைனா."

"வேணாம்மா. கால்ல சூடு படக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

பம்பைக்காரன் அடிக்கறதை நிறுத்திட்டான். முன்வரிசையில நின்ன ரங்கன், எங்க பக்கத்து நெலத்துக்காரரு, கேட்டாரு: "கிட்னி கல்லுக்குக் கால்ல இன்னா சூடு?"

சுலோசனா அக்கா முந்தானையால வாயை மூடிக்கினுச்சி. கீர்த்தி எல்லாருக்கும் கேக்கறாப்பல, நிதானமா சொன்னா: "பெரிநைனாவுக்கு நடந்தது கல்லு ஆபரேஷன் இல்ல. கால் வேர்வைக்கு. இது எங்க பரம்பரை வியாதி. நானும் அதே டாக்டருகிட்டதான் பண்ணிக்கப் போறேன். அந்தத் துணிய யாரும் புள்ளைங்க கையில கட்டாதீங்க, அது வெறும் வேர்வை."

துணி கிழிச்சிக்கினு இருந்தவ அதைக் கீழ போட்டுட்டு கையைப் பொடவையில துடைச்சிக்கினா.

வேங்கடாசலம் இன்னா பண்றதுன்னு முழிச்சாரு. ரங்கன் அவுரு பாட்டுக்கு வேப்பிலையக் கையில எடுத்துக்கினு, அம்மன் பேரைச் சொல்லிக்கினு, வெடிச்சிப்போன காஞ்ச காலோட குண்டத்துல எறங்கி நடந்து அந்தாண்ட போயிட்டாரு. ஒண்ணும் ஆவல. பின்னாடியே காப்பு கட்டினவங்க எல்லாம் போனாங்க. எல்லாம் காஞ்ச காலுதான். இந்த ஊர்ல எப்பவும் ரெண்டாவதா போனவனுக்கும் இருவதாவதா போனவனுக்கும் ஈரம் இருந்ததில்ல, அது யாரு கண்ணுக்கும் படல, என் கண்ணுக்கும் படல.

கீர்த்தி மிதிக்கல. வூட்டுக்கு நடந்தா. நானும் கூட நடந்தேன். பின்னாடி செருப்பு சத்தம் கேட்டுச்சி, எங்கூட்டுக்காரரு. பக்கத்துல வந்து கூட நடந்தாரு. அப்புறம், "டாக்டருக்கு போன் பண்ணும்மா. நான் வரேன்," அப்பிடின்னாரு. அண்ணனைக் கேட்டீங்களான்னு நான் கேக்க நெனச்சேன். கேக்கல.

திருப்பதியில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. கண்ணு முழிச்சதும் கீர்த்தி ஒரு காலால இன்னொரு காலைத் தடவிப் பாத்தா. சிரிக்கல, அழுதா. அவ நைனா அந்த உள்ளங்காலைக் கையில பிடிச்சிக்கினு, "சூடா இருக்குதும்மா, சூடா இருக்குதும்மா"ன்னு அதையே சொல்லிக்கினு இருந்தாரு. இந்தத் தீபாவளிக்கு அவ வெள்ளை மெத்தை மேல நின்னுக்கினு பொடவை காட்டறதை நான் போயி எதிர்ல உக்காந்து பாத்துட்டு வந்தேன். ஒண்ணும் வாங்கல.

பெரியவரு மொகத்தைத் தொங்கப்போட்டுக்கினு இருப்பாருன்னுதானே நெனக்கறீங்க? அது மானமுள்ளவனுக்கு. முதுகுல வேர்வை ஓடறதைக் காட்டி, அம்மன் காலை வுட்டுட்டு முதுகுக்கு ஏறிட்டா, கத்தி வெச்சும் அவளைத் தடுக்க முடியலைன்னு சொல்லிக்கினு திரியறாரு. அதை நம்பறதுக்கும் நாலு பேரு. போன வெள்ளிக்கிழமை ஒருத்தி பலமனேர்ல இருந்து துண்டு எடுத்துக்கினு வந்திருந்தா, முதுகைத் துடைச்சி எடுத்துக்கினு போறதுக்கு.

நேத்து கீர்த்தி வந்திருந்தா. பஸ்ஸுல இருந்து எறங்கி வந்தவ ஜாக்கெட்டு முதுகுல நனைஞ்சிருந்துச்சி. டாக்டரு சொன்னதுதான், அவளுக்கும் கொஞ்சம் வருது. நான் துண்டை எடுத்தேன். வாசல்ல யாராவது இருக்காங்களான்னு அவ ஒரு தடவை எட்டிப் பாத்தா.

"கதவை சாத்திட்டு துடைம்மா," அப்பிடின்னா. "பாத்தாங்கன்னா மாலை போட்டுடுவாங்க."